மனிதனைவிட டெய்னொஸ் எதுவுமில்லை

பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ஆன்டிகனி நாடகத்தில் தீப்ஸ் நகரத்து முதியவர்கள் பாடுகிற ஒரு கோரஸ் பாட்டு உண்டு. ‘அதிசயங்கள் பல, மனிதனைவிடப் பெரிய அதிசயம் எதுவுமில்லை’ என்கிற மாதிரிதான் அதன் முதல் வரியைப் பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறார்கள். மனித ஆற்றல், அறிவின் வளர்ச்சி, நாகரிகம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் இந்த வரி முன்னால் வந்து நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாடகத்தை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறவருக்கு அந்த இடத்தில் ஏதோ இடறும். அப்போதுதான் ஒரு காவலாளி வந்து, புதைக்கக் கூடாது என்று அரசன் கிரயோன் ஆணையிட்ட பிணத்தின் மேல் யாரோ மண் தூவிவிட்டார்கள் என்று நடுங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். செய்தவனைப் பிடித்து வராவிட்டால் உங்களை உயிரோடு கட்டித் தொங்கவிடுவேன் என்று கிரயோன் மிரட்டி அனுப்பியிருக்கிறான். நாய்க்கும் பறவைக்கும் போட்ட பிணம், ஒரு மிரட்டல், யாரென்று தெரியாத ஒரு சட்டமீறல். இதற்கு நடுவில் நின்றுகொண்டு மனிதன் எவ்வளவு பெரிய அதிசயம் என்று யாராவது பாடுவார்களா?

பாட மாட்டார்கள். அவர்கள் பாடியதும் அது இல்லை. கிரேக்கத்தில் அந்த வரி (332ஆம் வரி) இப்படி ஒலிக்கும்: ‘பொல்லா தா டெய்னா, கூடென் அன்த்ரோபூ டெய்னொதெரொன் பெலெய்’. தமிழ்க் காதுக்கு ‘பொல்லா’ என்று கேட்பது தற்செயல்தான், கிரேக்கத்தில் அதற்குப் ‘பல’ என்று பொருள். ஆனாலும் அடுத்து வருகிற சொல்லுக்கு அந்தத் தற்செயல் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். ஏனென்றால் ‘டெய்னா’ என்பது டெய்னொஸ் என்ற உரிச்சொல்லின் பன்மை, அதன் வேர்ப்பொருள் அச்சம். அஞ்சவைப்பவை பல, அவற்றில் மனிதனைவிட அஞ்சவைப்பது எதுவுமில்லை. இப்படிப் படித்தால் காவலாளிக்குப் பின்னால் இந்தப் பாட்டு ஏன் வருகிறது என்பது சட்டென்று புரிகிறது.

ஆனால் ‘அஞ்சவைப்பது’ என்று எழுதினாலும் விஷயம் முடியவில்லை. அந்தப் பாட்டு தொடர்ந்து சொல்வது என்ன? குளிர்காலத் தென்காற்றில் கொந்தளிக்கிற கடலை மனிதன் கடக்கிறான், களைப்பே அறியாத பூமியை வருடம்தோறும் உழுது களைக்கவைக்கிறான், பறவைக்கும் மீனுக்கும் வலை வீசுகிறான், குதிரையையும் காளையையும் நுகத்தில் பூட்டுகிறான், பேச்சையும் சிந்தனையையும் ஊர்கூடி வாழ்கிற பழக்கத்தையும் தானே கற்றுக்கொள்கிறான். இதில் வியப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் அந்த ஒரே சொல்லில் அச்சமும் வியப்பும் ஒன்றாக இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட வேண்டியதாகிறது. எதைப் போடுவது என்பதில்தான் எனக்கு இத்தனை காலமாகச் சண்டை.

அகராதியைத் திறந்தால் சண்டை தீராது, இன்னும் வளரும். 1843இல் முதலில் வெளிவந்து இன்றுவரை எல்லோரும் நம்பியிருக்கிற லிடல், ஸ்காட் அகராதி இந்தச் சொல்லின் பொருளை எண் போட்டுப் பிரிக்கிறது. முதலில் அஞ்சத்தக்க, பயங்கரமான. இரண்டாவது ஆற்றல் மிகுந்த, வியக்கத்தக்க. மூன்றாவது திறமைசாலியான, கெட்டிக்காரனான. அகராதிக்கு வேறு வழியில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எண் போட்டதுமே படிக்கிறவர் மனதில் இவை மூன்று தனித்தனிப் பெட்டிகள் ஆகிவிடுகின்றன. இந்த இடத்தில் ஒன்றாவது பொருளா, மூன்றாவது பொருளா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். பேசியவருக்கு அப்படி ஒரு கேள்வியே இருந்திருக்காது.

நம் பேச்சில் ‘பயங்கரமா பாடுறாங்க’ என்கிறோமே, அதேபோலத்தானே என்று ஒருவர் கேட்கலாம். வெளியே பார்த்தால் அதே மாதிரிதான். ஆனால் பயங்கரமாகப் பாடுகிறவரைப் பார்த்து நமக்குத் துளியும் பயம் வருவதில்லை, அங்கே பயம் தேய்ந்து வெறும் அழுத்தமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. டெய்னொஸ் அப்படித் தேயவில்லை. பேச்சில் டெய்னொஸ் என்று ஒருவரை ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சொன்னால், நீதிபதிகளாக உட்கார்ந்திருந்த குடிமக்கள் உண்மையிலேயே கொஞ்சம் எச்சரிக்கையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்லின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

சொல்லின் உடம்பு

வடிவங்கள் என்று எடுத்துக்கொண்டால் டெய்னொஸ் மிகவும் ஒழுங்கான சொல். ஆண்பாலில் டெய்னொஸ், பெண்பாலில் டெய்னே, அஃறிணைபோல நடக்கிற மூன்றாம் பாலில் டெய்னொன். கிரேக்கம் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் சில வாரங்களிலேயே மனப்பாடம் செய்கிற அட்டவணைக்குள் சரியாக அடங்கும். இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாராவது பெருமையோடு சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் குறில் ஒகரமும் நெடில் ஓகாரமும் வேறுவேறு எழுத்துகள், எகர ஏகாரமும் அப்படியே. ரோமன் எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடும், மேலே ஒரு கோடு இழுத்துக் காட்ட வேண்டியிருக்கும். தமிழில் அது தானாகவே வந்துவிடுகிறது. டெய்னொஸ் என்று குறிலில் முடிந்தால் உரிச்சொல், டெய்னோஸ் என்று நெடிலில் முடிந்தால் வினையடை. அசையழுத்தமும் மாறும் என்றாலும், நம் கண்ணுக்கு முதலில் தெரிவது குறில் நெடில்தான்.

அந்த வினையடையைத் தமிழர்கள் பலர் தெரியாமலே படித்திருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் டெய்னொஸ் என்ற உரிச்சொல் ஓரிடத்தில்கூட இல்லை, டெய்னோஸ் என்ற வினையடை மட்டும் இரண்டே இடங்களில் வருகிறது. அதில் ஒன்று மத்தேயு 8ஆம் அதிகாரத்தில், நூற்றுக்கு அதிபதி ஒருவன் தன் வேலைக்காரனுக்காக இயேசுவிடம் வந்து கெஞ்சுகிற இடம். திமிர்வாதமாய்க் கிடந்து ‘கொடிய’ வேதனைப்படுகிறான் என்று தமிழ் வேதாகமம் சொல்கிறதே, அந்தக் ‘கொடிய’ தான் டெய்னோஸ். மிகச் சரியான மொழிபெயர்ப்பு. வலியின் அளவை மட்டும் சொல்லாமல், பார்க்கிறவருக்கு வருகிற நடுக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

ஒப்பீட்டு வடிவத்துக்கு வருவோம். டெய்னொதெரொஸ் என்றால் இன்னும் அதிக டெய்னொஸ், டெய்னொததொஸ் என்றால் எல்லாவற்றிலும் அதிகம். இதே ஒப்பீட்டு விகுதியை அறிவாளி என்று பொருள்படும் ஸொபொஸ் என்ற சொல்லோடு சேர்த்தால் ஸொபோதெரொஸ் என்று ஓகாரம் நீண்டுவிடும். டெய்னொஸில் நீளாது. காரணம் ஓசைதான். முந்தைய அசை நீண்டதாக இருந்தால் குறில், குறுகியதாக இருந்தால் நெடில், அதாவது குறுகிய அசைகள் தொடர்ந்து அடுக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. யாப்பு தெரிந்த எந்தத் தமிழரும் இதைக் கேட்டால் தலையசைப்பார்.

ஹோமரிடம் போனால் வடிவங்கள் இன்னும் வளமாக இருக்கும். ஏதென்ஸ் உரைநடையில் ‘டெய்னூ’ என்று வருகிற ஆறாம் வேற்றுமை அங்கே ‘டெய்னொயொ’ என்று நீண்டு ஒலிக்கிறது. இலியட் 5ஆம் காண்டத்தில் அதீனா என்ற பெண்தெய்வம் போருக்குக் கிளம்பித் தன் கவசத்தை எடுத்துத் தோளில் போடும்போது, அதில் இருக்கிற கொர்கன் என்ற அரக்கியின் தலையைச் சொல்ல ஹோமர் ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ‘டெய்னொயொ’ என்று வைத்து, அடுத்த வரியை ‘டெய்னே’ என்று தொடங்குகிற அளவுக்கு இந்தச் சொல்லை இறுக்கி வைக்கிறார். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: இருமை. ஒருமை, பன்மை தவிர இரண்டுக்கு என்று தனி வடிவம் பழைய கிரேக்கத்தில் உண்டு. முதல் காண்டத்தில் அக்கிலிஸ் அகமெம்னோனைக் கொல்ல வாளை உருவிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ அவன் தலைமுடியைப் பிடிக்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறான், அதீனா. ‘டெய்னோ தெ ஹொய் ஒஸ்ஸெ பான்தென்’. அவளுடைய இரு கண்களும் டெய்னோ ஆகச் சுடர்ந்தன. இந்த டெய்னோ இருமை வடிவம், இரண்டு கண்களுக்காகவே அளந்து வெட்டியது. அந்தக் கண்கள் பயங்கரமானவையா, அழகானவையா, புனிதமானவையா என்று கேட்டால் அக்கிலிஸுக்கே பதில் தெரியாது. வாளை உறைக்குள் திருப்பிப் போட்டான் என்பதுதான் தெரியும்.

தமிழில் இந்த இடத்துக்கு ‘உக்கிரம்’ என்ற சொல் நன்றாகப் பொருந்துகிறது. உக்கிரமான கண்கள் என்றால் கோபமும் தெய்வத்தன்மையும் கிட்ட நெருங்க முடியாத தன்மையும் ஒன்றாகவே வந்துவிடும். ஒடிஸியில் கிர்கேயை ‘டெய்னே தெயொஸ்’ என்கிறார், மனிதக் குரலில் பேசுகிற, அழகிய கூந்தல் கொண்ட, உக்கிரமான தெய்வம். அதுவும் சரியாக இருக்கிறது. ஆனால் பேச்சுத் திறமைக்கோ நீச்சல் திறமைக்கோ உக்கிரம் வராது. பாதி தூரம் கூடவே வந்து நின்றுவிடுகிற சொல் அது.

ஹெலன் பேசிய வரி

எனக்கு இந்தச் சொல் உண்மையில் பிடிபட்டது இலியட் 3ஆம் காண்டத்தின் 172ஆம் வரியில். டிராய் நகரத்துக் கோட்டை மதில் மேல் கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே இரண்டு சேனைகள். மன்னன் பிரியாம் ஹெலனைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்கிறார், இந்தப் போருக்கு உன்னை நான் குறை சொல்லமாட்டேன் அம்மா, தெய்வங்களைத்தான் சொல்வேன் என்கிறார். காவியம் முழுவதிலும் ஹெலனிடம் இவ்வளவு பரிவாகப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. அதற்கு அவள் சொல்கிற பதிலின் முதல் வரி: ‘அய்டொய்யொஸ் தெ மொய் எஸ்ஸி, பிலெ ஹெகுரெ, டெய்னொஸ் தெ’. மதிப்புக்குரியவர் நீங்கள் எனக்கு, அன்பான மாமா, அஞ்சத்தக்கவரும்கூட.

இந்த வரி காதுக்குச் சரியாக வராது. ஹோமரின் யாப்பில் வரிக்கு ஆறு சீர், ஒவ்வொரு சீரிலும் ஒரு நீண்ட அசைக்குப் பின் இரண்டு குறுகிய அசைகள், அல்லது இரண்டும் நீண்டவை. குறில் வந்தாலும் அதற்குப் பின்னால் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் அந்த அசை நீண்டுவிடும். இந்த வரியில் ‘பிலெ’ என்பதன் ‘லெ’ குறில், அதன் பின்னால் மெய்யே இல்லை. ‘ஹெகுரெ’ என்பதன் ‘ரெ’ குறில், பின்னால் ஒரே ஒரு ட். ஆனால் யாப்போ இரண்டு இடத்திலும் நீண்ட அசை வேண்டும் என்கிறது. ஹோமருக்கு யாப்பு தெரியாது என்று சொல்ல முடியாது. பிறகு என்ன?

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பென்ட்லி என்ற ஆங்கில அறிஞர் இதற்கு வழி கண்டார். ஹோமரின் வரிகளில் ஒரு எழுத்து காணாமல் போயிருக்கிறது என்றார். அந்த எழுத்தின் பழைய பெயர் வாவ், உருவத்தை வைத்து டிகம்மா என்பார்கள், ஒலி நம் வகரம் போல உதடு குவிகிற ஒலி. பாட்டு வாய்மொழியாக உருவான காலத்தில் அந்த ஒலி இருந்தது. பிறகு ஹோமரின் கிளைமொழியில் அது பேச்சிலிருந்து மறைந்துபோனது, எழுதியபோது எழுத்திலும் வரவில்லை. ஆனால் அதற்காக விட்ட இடம் மட்டும் தாளத்தில் அப்படியே தங்கிவிட்டது. ஹெலனின் வரியில் இரண்டு இடத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. மாமனாரைக் குறிக்கிற ஹெகுரொஸ் ஒரு காலத்தில் ‘ஸ்வெகுரொஸ்’. சமஸ்கிருதத்தின் ‘சுவசுர’ என்ற சொல்லில் அந்த வகரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. டெய்னொஸ் ஒரு காலத்தில் ‘ட்வெய்னொஸ்’. அந்த ட்வ என்கிற இரண்டு மெய்களை நினைத்துக்கொண்டு வரியைத் திரும்பப் படித்தால் தாளம் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமாகவே நின்றிருந்தால்கூட நம்பலாம், அவ்வளவு வரிகள் சாட்சி சொல்கின்றன. ஆனால் கல்லிலும் கிடைத்திருக்கிறது. கொரிந்து நகரத்தில் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்று. கடலில் இறந்துபோன ஒருவனுக்காக வைத்தது. அவன் பெயர் பிற்காலக் கிரேக்கத்தில் டெய்னியாஸ் என்று வரும், டெய்னொஸிலிருந்து பிறந்த பெயர். கல்லில் அது அந்த வாவ் எழுத்தோடு, ட்வ என்றே தொடங்குகிறது. வாசகம் ஒரே ஒரு வரிதான்: இது ட்வெய்னியாஸின் கல்லறை, இவனை வெட்கமில்லாத கடல் அழித்தது. தாளத்தை மட்டும் வைத்து மீட்டெடுத்த ஓர் ஒலி, யாரோ ஒரு மாலுமியின் பெயரில் வெட்டப்பட்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. மொழியியல் வறண்ட விஷயம் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கல்லைத்தான் காட்டுவேன்.

சரி, ஒரு வகரம் கிடைத்ததால் பொருளில் என்ன மாறிவிட்டது? எனக்கு நிறையவே மாறியது. ட்வெய் என்பதுதான் அச்சத்தின் வேர். அச்சம் என்கிற ‘டெயொஸ்’, அஞ்சுகிறேன் என்கிற வினைச்சொல், கோழை என்கிற ‘டெய்லொஸ்’ எல்லாம் அதிலிருந்து வந்தவை. டெய்லொஸ் என்றால் அஞ்சுகிறவன், டெய்னொஸ் என்றால் அஞ்சப்படுகிறவன், நடுவில் மாறியது ஒரு மெய் மட்டும். போர்க்களத்தில் போர்த் தேவன் ஆரெஸின் கூட வருகிற டெய்மொஸ் என்ற தேவனும் இதே குடும்பம்தான். 1877இல் செவ்வாயின் இரண்டு நிலாக்களைக் கண்டுபிடித்தபோது ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அகமெம்னோனின் கேடயத்தில் கொர்கன் ‘டெய்னொன்’ ஆகப் பார்த்துக்கொண்டிருக்க, அவளைச் சுற்றி டெய்மொஸும் போபொஸும் நிற்கிறார்கள் என்று ஹோமர் ஒரே வரியில் சொந்தக்காரர்களைச் சேர்த்து உட்காரவைக்கிறார். கிரேக்கம் பேசிய எவருக்கும் டெய்னொஸ் என்ற சொல்லில் அச்சம் காதில் விழாமல் இருந்திருக்காது என்பதுதான் என் வாதம். வியப்பு, திறமை, ஆற்றல் எல்லாமே அச்சத்தின் உள்ளேயே வளர்ந்தவை, அதைத் தள்ளிவிட்டு வந்தவை கிடையாது.

ஹெலனும் இதைத்தான் சொல்கிறாள். பிரியாம் அவளை மிரட்டவில்லை, அன்பாகப் பேசினார். அந்த அன்பே அவளுக்குத் தாங்கவில்லை. அதனால்தான் அதே மூச்சில், உங்கள் மகனோடு இங்கே வந்தபோதே நான் செத்திருக்கலாம் என்கிறாள். நம்மால் இவ்வளவு துன்பம் வந்த பிறகும் நம்மிடம் கனிவாக இருக்கிற ஒரு பெரியவருக்கு முன்னால் நிற்கும்போது வருகிற கூச்சமும் நடுக்கமும் கலந்த உணர்வு இருக்கிறதே, அதற்கு டெய்னொஸ் என்று பெயர்.

பேச்சில் டெய்னொஸ்

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் இந்தச் சொல்லுக்குப் புதிய வேலை கிடைத்தது. நீதிமன்றத்திலும் சபையிலும் பேசத் தெரிந்தவனுக்கே வாழ்வு என்ற நிலை வந்தபோது, ‘டெய்னொஸ் லெகெய்ன்’ என்ற தொடர் எங்கும் புழங்கத் தொடங்கியது. பேசுவதில் டெய்னொஸ். பாராட்டாகவும் சொல்லலாம், எச்சரிக்கையாகவும் சொல்லலாம். அப்போது கெயொஸ் தீவைச் சேர்ந்த புரோடிகஸ் என்ற ஆசிரியர், சொற்களின் பொருளைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவதில் பெயர் பெற்றவர், இதற்கு ஓர் ஆட்சேபம் எழுப்பினார். பிளேட்டோவின் புரோட்டகோரஸ் உரையாடலில் சாக்ரடீஸ் அதைச் சொல்கிறார். யாரையாவது பாராட்டி ‘அறிவாளி, டெய்னொஸ்’ என்று சாக்ரடீஸ் சொன்னால் புரோடிகஸ் குறுக்கிடுவாராம்: நல்லதைப் போய் டெய்னொஸ் என்று சொல்கிறாயே, வெட்கமாக இல்லையா? டெய்னொஸ் என்றால் கெட்டது. டெய்னொஸான செல்வம் என்றோ டெய்னொஸான அமைதி என்றோ ஆரோக்கியம் என்றோ எவனும் சொல்வதில்லை. டெய்னொஸான நோய், போர், வறுமை என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. புரோடிகஸ் சொன்ன எடுத்துக்காட்டுகள் சரியானவைதான். ஆனால் அவர் கேட்டது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது. அப்படிச் சுத்தம் செய்தால் போவது எது என்று அவர் பார்க்கவில்லை. நன்றாகப் பேசுகிற ஒருவனைப் பார்த்து ஊர் ஒரே நேரத்தில் ரசிக்கிறது, பயப்படவும் செய்கிறது. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்துவிட்டால், ரசிக்கிறவன் பயப்பட மறந்துவிடுவான், பயப்படுகிறவன் ரசித்ததை ஒப்புக்கொள்ள மாட்டான்.

கி.மு. 399இல் அந்தச் சாக்ரடீஸே நீதிமன்றத்தில் நின்றார். பிளேட்டோ எழுதிய தற்காப்புப் பேச்சின் தொடக்கத்திலேயே இந்தச் சொல் வந்துவிடுகிறது. என்மேல் குற்றம் சாட்டியவர்கள் சொன்ன பொய்களில் ஒன்று என்னை மிகவும் வியக்கவைத்தது என்கிறார். இவர் பேச்சில் டெய்னொஸ், ஏமாந்துவிடாதீர்கள் என்று உங்களை எச்சரித்தார்களே, அதுதான். நான் வாய் திறந்ததுமே அது பொய் என்று தெரிந்துவிடும், உண்மை பேசுகிறவனைத்தான் அவர்கள் டெய்னொஸ் என்கிறார்கள் என்றால் தவிர. இங்கே சொல்லின் அத்தனை பக்கமும் ஒன்றாக வெடிக்கிறது. குற்றம் சாட்டியவர்களுக்கு டெய்னொஸ் என்றால் ஆபத்தான கெட்டிக்காரன். சாக்ரடீஸ் அந்தப் பட்டத்தை மறுக்கிறார், மறுத்துக்கொண்டே, உண்மையைவிட அஞ்சத்தக்கது வேறில்லை என்ற இன்னொரு பொருளைக் கேட்கிறவர் காதில் போட்டுவிடுகிறார். 501 பேரோ அதற்கு நெருங்கிய எண்ணிக்கையோ இருந்த அந்த அவையில் பெரும்பான்மை அவருக்கு எதிராக வாக்களித்தது.

இது ஒருவருக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. கி.மு. 330இல் டெமொஸ்தெனீஸ் தன் புகழ்பெற்ற பேச்சில், எதிரி அயிஸ்கினீஸ் தன்னை டெய்னொஸ், மந்திரவாதி, சோபிஸ்ட் (சொல் வித்தைக்காரன்) என்றெல்லாம் சொல்லி நீதிபதிகளை உஷார்ப்படுத்தியதைக் குறிப்பிடுகிறார். அதே டெமொஸ்தெனீஸின் பேச்சைப் பற்றிப் பிற்காலப் பேச்சுக்கலை ஆசிரியர்கள் எழுதும்போது அவருடைய தனிப்பெரும் குணம் என்று சொன்ன சொல் ‘டெய்னொதேஸ்’. திட்டாக எறிந்த சொல் பட்டமாகத் திரும்பி வந்தது. அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் 6ஆம் புத்தகத்தில் இதை நிதானமாகப் பேசுகிறார். ஒரு குறிக்கோளை எடுத்துக்கொண்டால் அதை அடைகிற வழிகளைக் கண்டுபிடிக்கிற ஆற்றல் டெய்னொதேஸ், குறிக்கோள் நல்லதானால் அது பாராட்டுக்குரியது, கெட்டதானால் வெறும் சூழ்ச்சி, நடைமுறை அறிவுக்கு இது வேண்டும், ஆனால் இதுவே அந்த அறிவு ஆகிவிடாது. நான் படித்தவரை இந்தச் சொல்லின் திறமைப் பொருளை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கவில்லை. இன்றைய கிரேக்கத்திலும் இரண்டு பக்கமும் இருக்கின்றன: டெய்னொஸ் நீச்சல்காரர் என்றால் தேர்ந்தவர், அதன் பன்மை ‘தா டெய்னா’ என்றால் பட்ட துன்பங்கள். (இன்று அதை ‘தினொஸ்’ என்று உச்சரிக்கிறார்கள்.)

நாடகம் முழுக்க ஓடுகிற சொல்

இப்போது ஆன்டிகனிக்கு வருகிறேன். கோரஸ் பாட்டை மட்டும் பிய்த்து எடுத்துப் படிப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன். கி.மு. 441 வாக்கில் அரங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் அந்தப் பாட்டுக்கு வரும்போது இந்தச் சொல்லை ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார். 96ஆம் வரியில், அரசனின் தடையை மீறித் தன் சகோதரனின் பிணத்தைப் புதைக்கத் துணிந்துவிட்ட ஆன்டிகனி தன் தங்கையிடம், நீ விலகிக்கொள், என் முட்டாள்தனத்தோடு இந்த டெய்னொனை நானே அனுபவிக்கிறேன் என்கிறாள். 243இல் காவலாளி, டெய்னா விஷயங்களைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும் என்று இழுக்கிறான். 323இல் அதே காவலாளி கிரயோனிடம், தீர்ப்புச் சொல்கிறவன் தப்பாக நினைத்துக்கொண்டால் அது எவ்வளவு டெய்னொன் என்கிறான். அதிலிருந்து 9 வரிகள் தள்ளி ‘பொல்லா தா டெய்னா’ தொடங்குகிறது. கேட்டவர்களுக்கு எந்தப் பொருள் முதலில் தோன்றியிருக்கும்?

இன்னொரு சாட்சியும் உண்டு. கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் தன் நாடகமொன்றில் கோரஸுக்கு ஒரு பாட்டு எழுதியிருந்தார். பூமி வளர்க்கிற டெய்னா பல என்று அதுவும் ‘பொல்லா’வில்தான் தொடங்குகிறது, பூமியின் பயங்கரங்கள், கடலின் பயங்கரங்கள், வானத்தின் பயங்கரங்கள் என்று சொல்லிவிட்டு, மனிதனின் அடங்காத் துணிச்சலை யாரால் சொல்ல முடியும் என்று கேட்கிறது. தாயைக் கொல்லப் போகிற மகனின் கதையில் வருகிற பாட்டு அது. சோபோக்ளிஸின் முதல் வரி அந்தப் பாட்டை எதிரொலிக்கிறது, ஏதென்ஸ் ரசிகர்களில் பலருக்கு அது கேட்டிருக்கும். அப்படியானால் அவர்கள் எதிர்பார்த்தது பயங்கரங்களின் பட்டியல். வந்ததோ கப்பல், கலப்பை, வலை, நுகம், மொழி, நகரம். அச்சத்தோடு காத்திருந்த காதில் ஒவ்வொரு சாதனையும் வந்து விழுகிறது, அதனால் ஒவ்வொன்றும் சாதனையாகவும் வன்முறையாகவும் தெரிகிறது. கடைசியில் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: இந்தத் திறமை ஒரு நேரம் நல்லதற்குப் போகும், ஒரு நேரம் கெட்டதற்குப் போகும், சட்டத்தை மீறுகிறவனுக்கு ஊர் இல்லை, அப்படிப்பட்டவன் என் அடுப்பங்கரையில் உட்காரவே வேண்டாம். இதைச் சொல்லி முடிக்கும்போது காவலாளி அழைத்து வருவது ஆன்டிகனியை.

ஜெர்மானியக் கவி ஹோல்டர்லின் 1804இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் ‘உங்கெஹாயர்’ என்று போட்டார், பூதாகரமானது, அளவுக்கு அடங்காதது என்ற பொருள் வருகிற சொல். அதிசயம் என்று போடுகிறவர்களைவிட அவர் மூலத்துக்கு மிக அருகில் இருக்கிறார் என்பது என் எண்ணம்.

பாட்டோடும் இந்தச் சொல் நிற்கவில்லை. 690இல் கிரயோனின் மகன் ஹைமொன் தன் தந்தையிடம், சாதாரணக் குடிமகனுக்கு உங்கள் கண் டெய்னொன், அதனால் உங்களுக்குப் பிடிக்காததை உங்கள் முன்னால் யாரும் சொல்வதில்லை என்கிறான். அதீனாவின் கண்ணுக்குச் சொன்ன அதே சொல்லை ஓர் அரசனின் கண்ணுக்குச் சொல்கிறான், தெய்வத்துக்குப் பொருந்தியது மனிதனுக்குப் பொருந்தவில்லை. 951இல் ஆன்டிகனியைக் குகைக்குள் அனுப்பிய பிறகு கோரஸ், விதியின் ஆற்றல் ‘டெய்னா’ என்று பாடுகிறது. இது பன்மை இல்லை, டெய்னே என்கிற பெண்பால் ஒருமைதான், கடைசி உயிர் நெடில் ஆகாரம். கோரஸ் பாடல்களில் டோரியக் கிளைமொழி வழக்குப்படி ஏகாரம் ஆகாரமாகிவிடும். செல்வமும் போரும் கோட்டையும் கப்பலும் அதைத் தப்ப முடியாது என்கிறார்கள். முதல் பாட்டில் மனிதனுக்குப் பெருமையாக இருந்த அதே கப்பல்.

கடைசியில், குருட்டுச் சோதிடர் தெய்ரேசியாஸ் எச்சரித்துவிட்டுப் போன பிறகு, 1096இல் கிரயோன் பேசுகிறான். பணிந்துபோவது டெய்னொன், எதிர்த்து நின்று அழிவில் போய் முட்டிக்கொள்வதும் டெய்னொன். நாடகம் முழுக்க ஓடிய சொல் இப்போது அவன் வாயில் வருகிறது, அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இரண்டு முறை. இங்கே யாரும் ‘அதிசயம்’ என்று மொழிபெயர்க்க மாட்டார்கள். அதனால்தான் வாசகர்களுக்கு இது அதே சொல் என்பதே தெரியாமல் போகிறது. ஆன்டிகனியை எந்த மொழியில் படித்தாலும் 96, 243, 323, 332, 690, 951, 1096 ஆகிய வரிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரே குறியைப் போட்டுக்கொண்டு படியுங்கள் என்பது என் வேண்டுகோள். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு இடத்திலும் வேறு சொல் போட்டிருப்பார், பரவாயில்லை. குறி ஒன்றாக இருந்தால் போதும்.